திரபோக்கோ: படகேறாமல் மீன்பிடித்தவர்களின் மரப்பொறி

இத்தாலியின் கிழக்குக் கரையில், பாறைக்கு வெளியே கடல்மேல் மரக்கால்களில் நின்றபடி நீண்ட கழிகளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குடில்களின் படங்களைப் பார்த்துவிட்டு, அவை மீனவர் வீடுகளா, கொச்சியின் சீன வலைகளுக்கு உறவா, பலரும் சொல்வதுபோலப் பழங்காலக் கடல்வணிகரான ஃபினீசியர் காலத்தவையா, எல்லாமே இப்போது உணவகங்களாகிவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகளுக்கும் சுருக்கமாக ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தக் கட்டுமானத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது விடுபட்டுப்போகும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். அப்ரூட்சோ மாநிலத்தில் இதற்குத் திரபோக்கோ என்று பெயர், பன்மையில் திரபோக்கி. தெற்கே மொலீசேயிலும், அதற்கும் தெற்கே புலியா மாநிலத்தில் கடலுக்குள் குதிமுள்போலப் புடைத்து நிற்கும் கர்கானோ மலைமுனையிலும் திரபுக்கோ என்பார்கள். இத்தாலிய மொழியில் இதே சொல் இடைக்காலத்தில் கோட்டைகளின்மீது கல்லெறிந்த கவண்பொறிக்கும் உரியது. இதிலிருந்து கிளைத்த சிறு வடிவமான திரபோக்கெத்தோ என்பதற்குக் காலடியில் திறந்துகொள்ளும் பொறிக்கதவு என்று பொருள். உத்தரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான திராப்ஸ் என்பதிலிருந்து பெயரை வருவிப்பவர்களும் உண்டு. எந்த வழியில் வந்ததானாலும், சொல்லைக் கேட்கும் உள்ளூர்க்காரரின் காதில் பொறி என்ற எண்ணமே முதலில் எழுகிறது. இது வீடு அன்று. எந்தக் குடும்பமும் இதில் குடியிருந்ததில்லை. மேடையின் மீதிருக்கும் சிறு குடில் கயிறும் கருவியும் வைக்கவும், மழைக்கு ஒதுங்கவும், மீனுக்காக விழித்திருக்கும் இரவில் சற்றே தலைசாய்க்கவும் கட்டப்பட்டது. குடிலை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தால்தான் திரபோக்கோ கண்ணில் படும்.

அந்த மற்றது என்ன என்பதைச் சொல்கிறேன். கரையிலிருந்து ஒடுங்கிய பலகைப் பாலம் ஒன்று பாறைகளுக்கு மேலாகக் கடலுக்குள் செல்கிறது. அதன் முடிவில், பாறையில் குடைந்த குழிகளிலும் பாறை இடுக்குகளிலும் ஊன்றிய மரத்தூண்களின் மேல் ஒரு மேடை நிற்கிறது. மேடையிலிருந்து நீர்ப்பரப்புக்கு மேலாக நீண்ட கழிகள் சாய்வாக வெளியே நீள்கின்றன. அவற்றை அவர்கள் அந்தென்னா என்கிறார்கள். பாய்க்கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்குக்கழிக்கும் அவர்களிடம் இதுவே பெயர். கழிமுனைகளில் கட்டிய கப்பிகள் வழியாக ஓடும் கயிறுகள் ஒரு பெரிய வலையின் விளிம்புகளைப் பிடித்திருக்கின்றன. கயிறுகளின் மறுமுனைகள் மேடை நடுவில் செங்குத்தாக நிறுத்திய ஒரு மர உருளையில் சுற்றப்பட்டிருக்கும். உருளையின் தலையில் குறுக்கே செருகிய கைமரங்களை நெஞ்சோடு அணைத்துத் தள்ளிக்கொண்டு, செக்கைச் சுற்றும் மாட்டைப்போல ஆட்கள் வட்டமாக நடப்பார்கள். நடக்க நடக்கக் கயிறு உருளையில் சேரும், வலை எழும்.

இத்தகைய தூக்குவலைக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் பிலாஞ்சா, அதாவது தராசு. கழிமுனைகளிலிருந்து கயிறுகளில் தொங்கும் வலையைப் பார்த்தால், தட்டைத் தாங்கும் தராசுக் கயிறுகளே நினைவுக்கு வரும். வலையைத் தட்டையாக நீருக்குள் இறக்கி அடியில் கிடத்திவிட்டுக் காத்திருப்பார்கள். மீன்கூட்டம் அதன்மேல் வந்ததும் வேகமாகத் தூக்க வேண்டும். விளிம்புகள் முதலில் எழுந்து நீருக்கு மேல் வந்துவிடும், நடுப்பகுதி பையாகத் தொங்கும், மீன் அங்கே குவியும்; நீண்ட கைப்பிடி கொண்ட சிறு வலையால் அதைக் கோரி எடுப்பார்கள். இதில் இரை இல்லை, தூண்டில் இல்லை, துரத்தல் இல்லை. மீன் தானே வரும் வழியில் வலையை விரித்துவைத்திருப்பதுதான் முழு உத்தியும். அதனால் இந்தத் தொழிலின் அறிவில் பாதி, பொறியை இயக்குவதற்கு முன்பே, எங்கே நாட்டுவது என்பதில் அடங்கிவிடுகிறது. அட்ரியாட்டிக்கின் இத்தாலியக் கரையை ஒட்டி நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்கிறது. மீன்கூட்டங்கள் கரையோரமாக நகரும்போது பாறைமுனை ஒன்று குறுக்கிட்டால் அதைச் சுற்றிப்போகத்தான் வேண்டும். அந்தத் திருப்பத்தில், குறைந்தது 6 மீட்டராவது ஆழம் இருக்கும் இடத்தில் வலை கிடக்க வேண்டும். ஆகவேதான் பழைய திரபோக்கிகளின் பெயர்களில் முனை என்று பொருள்படும் புந்தா என்ற சொல் இத்தனை முறை வருகிறது: புந்தா துர்கீனோ, புந்தா துஃபானோ, புந்தா அதேர்ச்சி. மணற்கரை நீண்டு கிடக்கும் இடத்தில் இந்தப் பொறிக்கு வேலை இல்லை.

ஒரே பொறி என்றாலும் அப்ரூட்சோவில் காண்பதும் கர்கானோவில் காண்பதும் வேறுவேறு உடம்புடையவை. கடலின் அடித்தரை இரண்டு இடங்களிலும் வேறாக இருப்பதே இதற்குக் காரணம். அப்ரூட்சோவின் கியெத்தி மாவட்டக் கரையில் ஆழம் மெல்லமெல்லத்தான் கூடுகிறது. தேவையான ஆழத்தை எட்ட மேடையே கடலுக்குள் போயாக வேண்டும். எனவே அங்கே நீண்ட பலகைப் பாலமும், கரைக்குக் குறுக்கான அமைப்பும், ஒற்றை உருளையும், அளவில் சிறிய வலையும் காணப்படுகின்றன. கர்கானோவில் பெஸ்கீச்சிக்கும் வியெஸ்தேக்கும் இடையே மலைப்பாறை நேராகக் கடலில் இறங்குகிறது. அங்கே மேடை பாறையை ஒட்டியே, கரைக்கு இணையாகப் படுத்திருக்கும். கடலுக்குள் போகும் வேலையை மிக நீண்ட கழிகள் ஏற்றுக்கொள்கின்றன. அப்ரூட்சோக் கழிகள் பெரும்பாலும் அவற்றின் பாதி நீளமே இருக்கும். வலையும் அங்கே பெரிது, அதை இழுக்க ஒன்றுக்கு மேற்பட்ட உருளைகள் உண்டு.

வேலைமுறையும் இதற்கேற்ப மாறுகிறது. கர்கானோவில் ஒரு திரபுக்கோவில் வழக்கமாக நான்கு பேர். அவர்களில் கூர்ந்த கண் படைத்தவர் வெளியே நீண்ட கழியின் மேல் ஏறி உட்கார்ந்து நீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு ரயீஸ் என்று பெயர்; தலைவன் என்ற பொருளுடைய அரபுச் சொல் அது, சிசிலியின் சூரைமீன் பிடிப்பிலும் தலைமை தாங்குபவருக்கு அதே பெயர்தான். உயிருள்ள மடவை ஒன்றைக் கயிற்றில் கட்டி வலைக்கு மேலே நீந்தவிட்டு, கூட்டமாகச் செல்லும் மடவைகளை அதனிடம் வரச்செய்யும் வழக்கமும் அங்கே இருந்தது. கூட்டம் வலைக்குள் நுழைந்த கணத்தில் ரயீஸ் குரல் கொடுப்பார், மற்றவர்கள் உருளையைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். தெளிந்த ஆழ்நீரில் மேலிருந்து மீனைப் பார்க்க முடிவதால் இது சாத்தியமாயிற்று. அப்ரூட்சோவின் ஆழமற்ற நீரிலோ, காற்றடித்துக் கடல் கலங்கியிருக்கும் வேளை நல்லது; வலை மீனின் கண்ணுக்குப் படாது. அங்கே கண்ணைவிட அனுபவத்தை நம்பி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிடைப்பது பெரும்பாலும் கரையோரத்துச் சிறு மீன்கள்: நெத்திலி, சாளை வகைகள், முரல், மடவை, பருவத்தில் கணவாய்.

இப்போது கடல் கலங்கும்போது என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் இந்தப் பொறி ஏன் தோன்றியது என்பதற்கான விடை இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் போரா, வடமேற்கிலிருந்து வரும் மாயெஸ்திராலே, தென்கிழக்கிலிருந்து வரும் ஷிரோக்கோ என்று அட்ரியாட்டிக்கின் காற்றுகள் சட்டென்று எழக்கூடியவை; நடு அட்ரியாட்டிக்கின் இத்தாலியக் கரையில் இயற்கைத் துறைமுகங்களும் குறைவு. சிறு படகோடு இறங்கியவன் திரும்பி வருவது உறுதியில்லை. மேலும் கியெத்திக் கரையோர மக்கள் அடிப்படையில் உழவர்கள். கடலைப் பார்த்த மேட்டு நிலங்களில் ஆலிவும் திராட்சையும் வளர்த்தவர்கள். கடல் அவர்களுக்குப் பக்கத்து வீடு, சொந்த வீடு அன்று. அவர்களுக்குக் கோடரி பிடிக்கத் தெரியும், மரத்தின் குணம் தெரியும், நுகத்தடி, செக்கு, ஏற்றம் போன்ற பாரம் தூக்கும் அமைப்புகள் பழக்கம். அந்தக் கைகளுக்கு எட்டிய அறிவைக்கொண்டு, கரையை விட்டு இறங்காமலே கடலில் கைவைக்க அவர்கள் கண்ட வழிதான் திரபோக்கோ. காலையில் வயல், மாலையில் வலை என்று இரண்டையும் ஒரே குடும்பம் பார்த்துக்கொள்ள முடிந்ததற்கும் இதுவே காரணம். ஆழ்கடல் மீனவச் சமூகத்தின் படைப்பாக இதை எழுதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உடன்பாடு வருவதில்லை; நிலத்து மனிதரின் கட்டுமானம் என்பது இதன் ஒவ்வொரு முடிச்சிலும் தெரிகிறது.

பழமையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சுற்றுலாக் கையேடுகளில் ஃபினீசியர்கள் கொண்டுவந்தது என்று தவறாமல் எழுதுகிறார்கள். இதற்கு ஆதாரம் என்று ஏற்கத்தக்க எதையும் நான் கண்டதில்லை. தொடர்ச்சியாகக் கிடைக்கும் உறுதியான சான்றுகள் 18ஆம் நூற்றாண்டிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முன்பும் கரையிலிருந்து தூக்கும் எளிய வலைகள் இருந்திருக்கலாம், இருந்திருக்கவும் வேண்டும். ஆனால் இன்று நாம் காணும் உருவத்தின் வயதை அதன் உடம்பே சொல்கிறது. அப்ரூட்சோவில் திரபோக்கோ கட்ட விரும்பி எடுக்கும் மரத்தை அவர்கள் அகாசியா என்று அழைத்தாலும், அது உண்மையில் ரொபீனியா. வட அமெரிக்காவைச் சேர்ந்த மரம். ஐரோப்பாவுக்கு அது வந்ததே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். கட்டுமானத்தை இழுத்துப்பிடிக்கும் இரும்புக் கம்பிகளும், ஆங்காங்கே தூணாகவும் தாங்கலாகவும் நிற்கும் பழைய தண்டவாளத் துண்டுகளும் அங்கோனாவிலிருந்து ஃபோஜா வரை கரையோரமாகவே இருப்புப்பாதை போடப்பட்ட 1863, 1864ஆம் ஆண்டுகளுக்குப் பிந்தியவை. இருப்புப்பாதை வேலையில் மிஞ்சிய இரும்பும் கம்பியும் கைக்கு எட்டிய பிறகுதான், பாறையிலிருந்து இத்தனை தூரம் தள்ளி மேடையை நிறுத்தும் துணிவு வந்தது என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. பெருமைக்காக மூவாயிரம் ஆண்டு கேட்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ, அமெரிக்க மரத்தையும் இரயில்வே இரும்பையும் எடுத்துத் தன் தேவைக்கு வளைத்துக்கொண்ட உழவரின் புத்தி, ஃபினீசியக் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரொபீனியா கடினமானது, ஈரத்தில் எளிதில் உளுத்துப்போகாதது, கூடவே வளைந்துகொடுப்பது. கர்கானோவில் இதே பணியை அலெப்போ பைன் செய்கிறது. அந்தக் கரையோர மலைச்சரிவுகளில் அது காடாகவே நிற்கிறது, பிசின் நிறைந்த மரமாதலால் உப்புநீரைத் தாங்குகிறது. இரண்டு இடத்திலும் தேவையான மரம் பொறியின் தலைக்கு மேலேயே, பள்ளத்தாக்கிலும் சரிவிலும் வளர்ந்ததுதான். பெரும்பாலும் அதை நேராக அறுத்துச் சதுரமாக்குவதில்லை. கவை உள்ள கிளை கவையாகவே பயன்படும், வளைந்த தண்டு அதன் வளைவு பொருந்தும் இடத்தில் போய் உட்காரும். மூட்டுகள் இறுகப் பொருத்தப்படாமல் கம்பியாலும் கயிற்றாலும் கட்டப்பட்டிருக்கும். படத்தில் பார்ப்பவருக்கு இது ஒழுங்கின்மையாகத் தெரியும். ஆனால் அலை வந்து மோதும்போது மொத்தக் கட்டுமானமும் முனகிக்கொண்டே சற்று அசைந்து, விசையைக் கம்பிகள் வழியாகப் பாறைக்குக் கடத்திவிட்டு நிலைக்கு வருகிறது. இறுக்கமான கட்டடமாக இருந்தால் இரண்டாவது புயலில் முறிந்துபோகும். மெலிந்த தூண்கள், நடுவே வெற்றிடம், எங்கும் குறுக்குக் கட்டு என்ற அமைப்பு அலைக்கு அடிப்பதற்கு அதிக இடம் தராமல் இருப்பதற்காகவே உருவானது.

அப்படியிருந்தும் ஒவ்வொரு குளிர்காலமும் எதையாவது கொண்டுபோய்விடும். ஒரு தூண், நாலு பலகை, ஒரு கழி. வசந்தத்தில் போய்ப் பார்த்து மாற்ற வேண்டும். திரபோக்கோவை வைத்திருப்பது என்றால் இந்த மாற்றும் வேலையை விடாமல் செய்துகொண்டிருப்பது என்று பொருள். ஆகவே நூறாண்டுப் பழமையான திரபோக்கோ என்று ஒன்றைக் காட்டினால், அதில் நூறாண்டு வயதுள்ள கட்டை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். இடம் பழையது, குடும்பம் பழையது, எந்தக் கட்டை எங்கே எப்படிப் போக வேண்டும் என்ற அறிவு பழையது. எந்த வரைபடமும் இல்லாமல் அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குக் கையோடு கையாகப் போயிருக்கிறது. இந்த மரபைக் காப்பது பற்றிப் பேசும் எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

இதை எல்லோரும் கண்ணாரப் பார்த்தது 2014 ஜூலையில். சான் வீத்தோ கியெத்தினோ ஊரின் துர்கீனோ முனையில் நின்ற திரபோக்கோ, கோடையின் நடுவில் எழுந்த ஒரு புயலில் சரிந்து கடலில் விழுந்தது. அது வெறும் ஒரு மீன்மேடை அன்று. எழுத்தாளர் கேப்ரியேலே தன்னுன்ட்சியோ 1889ஆம் ஆண்டுக் கோடையில் தன் காதலி பர்பரா லெயோனியோடு அந்த முனைக்கு அருகே ஒரு குடியானவர் வீட்டில் தங்கியிருந்தார். அங்கிருந்து பார்த்த திரபோக்கோவை 1894இல் வெளிவந்த தம் நாவலில் ஒரு மாபெரும் சிலந்தியாகக் கண்டு எழுதினார். அந்த ஒப்புமைதான் இன்றுவரை எல்லோர் வாயிலும் வருகிறது. இப்படி இலக்கியத்தில் இடம்பெற்றதனால் துர்கீனோ அந்தக் கரைக்கே அடையாளமாகியிருந்தது. விழுந்த பின் அதைத் திரும்பவும் மரத்தால் எழுப்பினார்கள். இப்போது நிற்பது போலி என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. தன்னுன்ட்சியோ பார்த்த கட்டைகள் 2014க்கு வெகுகாலம் முன்பே போயிருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. அதே முனையில், அதே முறையில், அதே மரத்தைக் கொண்டு கட்டினால் அது திரபோக்கோதான். வலை இறங்கினால் இன்னும் முழுமையான திரபோக்கோ.

கொச்சியோடு உறவு உண்டா என்ற உங்கள் கேள்வி இயல்பானது. தமிழ்நாட்டிலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் போய் அந்தி வானத்தின் முன் சீன வலைகளைப் பார்த்து வந்த எவருக்கும் இந்தப் படங்கள் அதைத்தான் நினைவூட்டும். கரையில் நின்றபடி பெரிய தூக்குவலையை இறக்கி ஏற்றுவது என்ற அளவில் இரண்டும் ஒரே இனம். இயங்கும் விதம் வேறு. கொச்சியில் முழு அமைப்பும் ஏற்றமரம்போல ஒரு அச்சில் சாய்ந்து நிமிர்கிறது. பின்பக்கம் கயிறுகளில் தொங்கும் கற்கள் எடைக்கு எடை நிற்பதால், ஒருவர் மரத்தின்மேல் நடந்தாலே சமநிலை மாறி வலை நீரில் இறங்கிவிடும். திரபோக்கோவில் கழிகள் தம் இடத்தைவிட்டு அசைவதில்லை. கயிறும் கப்பியும் உருளையுமே வலையை ஏற்றி இறக்குகின்றன. எதிர்எடை என்பதே அங்கே இல்லை, முழுப் பாரமும் ஆட்களின் நெஞ்சிலும் காலிலும் விழுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று போயிருக்கும் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. பிரான்சின் மேற்குக் கரையில் ஜிரோந்த் கழிமுகப் பகுதியில் மரக்கால்களில் நிற்கும் கர்லே என்ற குடில்களும், போ ஆற்றுக் கழிமுகத்தின் உப்பங்கழிகளில் உள்ள தூக்குவலைகளும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். மீன் வரும் வழி நிச்சயமாகத் தெரிந்த இடங்களில் மனிதர்கள் தனித்தனியே இதே விடைக்கு வந்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். தோற்றக் கதையில் மட்டும் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: அட்ரியாட்டிக்கில் ஃபினீசியர் என்றால், கொச்சியில் சீனப் பேரரசின் கடற்படை. அங்கும் போர்த்துக்கீசியர் வழியாகப் பின்னால் வந்திருக்கலாம் என்ற மாற்றுக் கருத்து இருக்கிறது.

தொழில் எப்படித் தளர்ந்தது என்பதை நீட்டி எழுதத் தேவையில்லை. விசைப்படகும் இழுவலையும் வந்தபின் கரையோர மீன் குறைந்தது, நைலான் வலை போட்டாலும் உருளையைத் தள்ள ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். சில இடங்களில் உருளைக்கு மின்மோட்டார் பொருத்தினார்கள். தோணிகள் வந்து நிற்கும் கல்லணைகளில் சிறிய மோட்டார்த் தூக்குவலைகள் பெருகின, கலிஷெந்தி என்று அழைக்கப்படும் அவற்றை ஜூலியனோவா துறைமுகத்தில் இன்றும் வரிசையாகக் காணலாம். அப்ரூட்சோ மாநில அரசு 1994இல் கியெத்திக் கரையின் திரபோக்கிகளைக் காக்கத் தனிச் சட்டம் செய்தது. கல்லணைத் தூக்குவலைகளுக்கு 2009இல் இன்னொரு சட்டம் வந்தது. கர்கானோவில் உள்ளவை அங்குள்ள தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருகின்றன. அப்ரூட்சோக் கரைக்கும் ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்று 2001இல் இத்தாலிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எல்லை எங்கே போடுவது என்ற சச்சரவிலேயே அது நின்றுபோனது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் திரபோக்கோவைத் தனிப்பொருளாகக் காக்க முடியாது. அதற்கு மேலே ரொபீனியா வளரும் சரிவும், கீழே மீன் வரும் பாறைமுனையும் சேர்ந்து இருந்தாக வேண்டும்.

அந்தக் கரையை ஓரளவு காப்பாற்றியது எதிர்பாராத விதமாக இருப்புப்பாதைதான். கடலுக்கும் மேட்டுக்கும் நடுவே 1860களில் போடப்பட்ட பாதை, ஒர்த்தோனாவுக்கும் வாஸ்தோவுக்கும் இடைப்பட்ட நீளத்தில் கடலோரத்தை ஒட்டி வீடுகளும் விடுதிகளும் நெருங்கிவராமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தடுத்து நின்றது. 2005இல் இரயில்கள் மேட்டுக்குள் குடைந்த சுரங்கப்பாதைகளுக்கு மாற்றப்பட்டன. கைவிடப்பட்ட பழைய தடம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீள மிதிவண்டிப் பாதையாக மாறியது; பசுமைவழி என்ற பொருளில் அதற்கு வியா வெர்தே என்று பெயர். 2023 மே மாதம் இத்தாலியின் பெரிய மிதிவண்டிப் பந்தயமான ஜீரோ தி இத்தாலியா, ஃபொஸ்ஸசேசியாவிலிருந்து ஒர்த்தோனா வரை இந்தப் பாதையில்தான் தொடங்கியது. தொலைக்காட்சியில் உலகமே அந்தச் சிலந்திகளைப் பார்த்தது. அதற்குப் பிறகு வரும் கூட்டத்தைப் பற்றி உள்ளூரில் மகிழ்ச்சியும் கவலையும் ஒன்றாகவே இருக்கின்றன.

உணவகங்களைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அப்ரூட்சோவில் பல திரபோக்கிகள் இன்று கோடையில் மேசை போட்டு மீனுணவு பரிமாறுகின்றன. சிலவற்றில் குடில் விரிந்து கூடமாகியிருக்கிறது. வலை கழியில் சுருட்டித் தொங்குகிறது, படத்துக்காக. இதைக் கண்டு மனம் நோகும் பழைய குடும்பத்தினர் இருக்கிறார்கள், அவர்கள் நோவதற்குக் காரணமும் இருக்கிறது. இருந்தாலும் உணவகமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இத்தாலியில் கடற்கரை அரசுடைமை. திரபோக்கோ நிற்கும் இடத்துக்கு உரிமம் பெற்றுத்தான் வைத்திருக்க முடியும். அதற்கும் மேலாக ஆண்டுதோறும் மரம், கம்பி, கூலி. ஒரு கூடை நெத்திலி விற்ற காசு இதற்கு ஈடாகாது. சோறு போடும் வருமானம் தூண் மாற்றப் போகுமானால், அந்தச் சோற்றால் திரபோக்கோ வாழ்கிறது என்றே கொள்ள வேண்டும். நான் பிரித்துப் பார்ப்பது வேறு இடத்தில்: பருவம் முடிந்து மேசைகளை அடுக்கிய பிறகு, அங்கே உருளையைச் சுற்ற யாராவது கற்றுக்கொள்கிறார்களா? புயலுக்குப் பின் மரத்தை மரத்தாலேயே மாற்றுகிறார்களா, அல்லது கான்கிரீட்டும் உருக்குத் தூணும் வைத்து மேலே பலகையை ஒட்டுகிறார்களா? உருக்கால் கட்டியது வலுவாக நிற்கலாம். ஆனால் அதைப் பழுதுபார்க்க அந்த ஊர்க் கைவினைஞரின் அறிவு தேவைப்படாது, தேவைப்படாத அறிவு ஒரே தலைமுறையில் மறைந்துவிடும்.

நேரில் போகும் எண்ணமிருந்தால், வாஸ்தோவுக்கு வடக்கே புந்தா அதேர்ச்சி இயற்கைக் காப்பகத்தில் நிற்கும் திரபோக்கோவை முதலில் பாருங்கள்; சுற்றிலும் கட்டடம் ஏதும் இல்லாததால், பொறிக்கும் பாறைக்கும் நீருக்கும் உள்ள பொருத்தம் அங்கே தெளிவாகத் தெரியும். ஃபொஸ்ஸசேசியாவில் சான் ஜொவான்னி இன் வேனெரே மடாலயத்தின் மேட்டிலிருந்து பார்த்தால், கரையில் முனைக்கு முனை அவை எப்படி இடம்பிடித்திருக்கின்றன என்பது விளங்கும். மொலீசேயின் தெர்மொலியில் பழைய ஊரின் மதில்களுக்குக் கீழேயே ஒன்று உண்டு. பெரிய கழிகளையும் ரயீஸ் உட்காரும் இடத்தையும் காண வேண்டுமானால் பெஸ்கீச்சி, வியெஸ்தே வரை இறங்கிப் போக வேண்டும். சாப்பிட உட்காரும் இடத்தில், வலையை ஒருமுறை இறக்கிக் காட்ட முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். இன்னும் வலை இறக்குகிற குடும்பத்தினர் இந்தக் கேள்வியை விரும்புவார்கள். அப்போது உங்களையும் கைமரத்தைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். ஈரக் கயிறு உருளையில் இறுகும்போது, காலுக்குக் கீழே மேடை முழுவதும் மெல்ல அசைவது தெரியும்.